சுற்றுச்சூழல் விழாவும் தோட்ட மக்களும்

(பேராக் மாநில ரப்பர்த் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



விழா எடுப்பது எவ்வாறு என்பதைத் தோட்ட மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாரியம்மன் ஆலயத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாள்முதல் லயங்கள் தூய்மை பெறுகின்றன. அல்லூறுகள் வெட்டிச் சீராக்கப்படுகின்றன. வெளியூர்களில் பணிபுரியும் பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர். உறுமி மேளம் முழங்குகிறது. இத்தகைய அனுபவம் மிக்க உங்களிடம் மற்றொரு வகையான விழாவைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன். அதுவே சுற்றுச்சூழல் விழா.

1972ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் மன்றம் மனிதச் சுற்றுச்சூழல் பற்றிய மாநாடு ஒன்றைக் கூட்டியது. அதனையொட்டி ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாக வகுக்கப்பெற்றது. நம் நாட்டிலும் 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நாள் தொட்டு நகரங்களில் இத்தகைய விழாக்கள் பெருகி வந்துள்ளன. இசை நிகழ்ச்சி நடைபெறும். உரமாக்கவும் செடி வளர்க்கவும் பயிற்சி தரும் பட்டறைகள் இருக்கும். பழம்பொருள்களைப் புதுப்பிக்கும் கடைகளும் இருக்கும். மக்கள் குடும்பத்தோடு சென்று மகிழ்ந்து திரும்புவர்.

இவை நல்லனவே. ஆயினும் ஒரு வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். விழா முடிந்த மறுநாள் காலையில் அவ்விடத்தில் எஞ்சியிருப்பது யாது? பிளாஸ்டிக் தட்டுகளும் குவளைகளும் மட்டுமே எஞ்சி நிற்குமாயின், சுற்றுச்சூழலின் பெயரால் நாமே குப்பையைப் பெருக்கியவர்கள் ஆவோம். விழாவுக்கு வந்தவர் தம் வீட்டுக்கு எதைக் கொண்டு சென்றார், அதை என்ன செய்தார், அடுத்த ஆண்டு எதைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதே அவ்விழாவை அளக்கும் அளவுகோலாதல் வேண்டும். இதனை நடைமுறையில் செய்து காட்டிய ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு.

ஆதிரெங்கத்து நெல் திருவிழா

திருவாரூர் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கம் என்னும் சிற்றூர் உள்ளது. காவிரிப் படுகையைச் சேர்ந்த ஊர் அது. நம்முள் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிப் புறப்பட்டதும் அந்தத் தஞ்சைச் சீமையிலிருந்துதான். அங்கே 2006ஆம் ஆண்டில் நெல் திருவிழா தொடங்கப்பெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர், பின்னாளில் 'நெல்' ஜெயராமன் என்று நாடறியப் பெயர்பெற்றவர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழிநடந்தவர் அவர். 

புதிய இரக நெல் பரவியபோது பாட்டன் காலத்து நெல் இரகங்கள் ஒவ்வொன்றாக வயலிலிருந்து மறைந்தன. ஓர் இரகத்தை எவரும் விதைக்காமல் விட்டால், சில ஆண்டுகளில் அதன் முளைப்புத் திறன் அழிந்துபோகும்; பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதனை மீண்டும் பெற இயலாது. இதனை உணர்ந்த ஜெயராமன் ஊர் ஊராக நடந்து, முதிய உழவர்களிடம் கேட்டுக் கேட்டு விதைகளைத் திரட்டினார். யானை நுழைந்தாலும் மறைந்துவிடும் என்று சொல்லுமளவுக்கு உயர்ந்து வளரும் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, உவர் நிலத்திலும் விளையும் குழியடிச்சான் முதலிய 174 இரகங்களை அவர் மீட்டெடுத்தார். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

திரட்டிய விதைகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவை பெட்டிக்குள்ளேயே செத்திருக்கும். ஆகவே அவ்விழாவில் ஒரு விதி வகுக்கப்பட்டது. வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் விலையின்றி வழங்கப்படும். அவர் அதைத் தம் வயலில் விதைத்துப் பெருக்கி, அடுத்த ஆண்டு விழாவுக்கு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். அந்த நான்கு கிலோ வேறு இருவருக்குச் செல்லும்.

மாணவர்கள் இதனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவர், நால்வர் எண்மராவர். பெற்றவர் அனைவரும் சொன்ன சொல் காப்பார்களாயின், பத்துமுறை இவ்வாறு பெருகியபின் ஒரு வீட்டு விதை 1,024 வீடுகளுக்குச் சென்றிருக்கும். எல்லாரும் சொல் காப்பதில்லை; சில வயல்கள் பொய்க்கவும் கூடும். பாதிப் பேர் மட்டும் திருப்பித் தந்தாலுமே கையிருப்பு குறையாது என்பதே இக்கணக்கின் சிறப்பு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

'நாங்கள் பால்மரம் சீவுபவர்கள். நெல் விதைப்பவர்கள் அல்லவே' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கைப்பிடி நாற்று ஒரு நாட்டின் வாழ்வையே மாற்றிய வரலாறு நம் பேராக் மாநிலத்திலேயே உண்டு. 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பெற்ற ரப்பர் நாற்றுகளுள் ஒன்பது, கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக் கருதப்பெறும் முதுமரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து எழுந்த தொழிலை நம்பித்தான் நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தனர்.

நம் மாநிலத்தின் மற்றொரு செல்வமாக விளங்கியது ஈயம். கிந்தாப் பள்ளத்தாக்கு உலகிலேயே ஈயவளம் மிக்க வட்டாரங்களுள் ஒன்றாகப் புகழ்பெற்றிருந்தது. 1985ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈப்போவிலிருந்து பத்து காஜா, கம்பார் செல்லும் வழியில் காணப்படும் பெருங்குளங்கள் பல அச்சுரங்கங்களின் எச்சமே. அவற்றைச் சூழ்ந்து கிடப்பது, மேல்மண் கழுவப்பட்ட வெறும் மணல். ஓர் அங்குல வளமண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் செல்லும் என்பர். அதனை இழக்கச் சில நாள்கள் போதும். மண்ணை மதிக்க வேண்டியதன் தேவையை உணர்த்த நமக்கு இதைவிட அண்மையான பாடம் இல்லை.

இனி நம் தோட்டங்களின் நிலையைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டுகளிலேயே பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படும் நிலை தோன்றியது. அதனால் வேலையும் வீடும் இழக்கும் இடர் தொழிலாளர்க்கு நேர்ந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தம் ஊதியத்திலிருந்து தந்த சிறு தொகைகளைத் திரட்டியே அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. அதற்குப் பின்னரும் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாயின. பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று நகரோரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றன.

தோட்டம் கைமாறும்போது மரங்களுக்குக் கணக்கு உண்டு. நிலத்துக்கு அளவு உண்டு. கட்டடங்களுக்கு விலை உண்டு. ஆனால் லயத்துக் கொல்லையில் பாட்டி வளர்த்த நாட்டு அவரைக்கும், ஊர்விட்டு ஊர் வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கத்தரி விதைக்கும் எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. எந்தக் கொடியை எந்த மாதத்தில் ஊன்றுவது, எந்தக் கீரை எந்த நோய்க்கு ஏற்றது, விதையை வண்டு அரிக்காமல் காப்பது எப்படி என்னும் அறிவும் அவ்வாறே. அவ்வறிவு உடையவர்களுள் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களிடமிருந்து கேட்டுக் கற்க நமக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு. தோட்ட மக்கள் சுற்றுச்சூழல் விழா எடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

தோட்டத்தில் முன்பே உள்ள அறிவு

சுற்றுச்சூழல் காப்பு என்பது படித்தவர்கள் நகரத்திலிருந்து கொண்டுவந்து தரும் புதுச் சரக்கு என எண்ணுதல் வேண்டா. இளமரங்களின் நிரைகளுக்கு இடையே அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுவதை நீங்கள் அறிவீர்கள். அக்கொடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறுசிறு முடிச்சுகள் தென்படும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன, கொடி மழையில் மண் அரிக்காமல் காக்கிறது, களையையும் அடக்குகிறது. அவ்வாறே, மறுநடவின்போது வெட்டப்பட்ட ரப்பர் மரங்கள் ஒரு காலத்தில் விறகாயின, அல்லது எரிக்கப்பட்டன. பின்னர் அவற்றைப் பதப்படுத்தி நாற்காலி, மேசை செய்யும் தொழில் வளர்ந்து, அப்பொருள்கள் இன்று வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. கழிவு என்று ஒதுக்கியது செல்வமானதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விழாவில் அமைய வேண்டிய பட்டறைகள்

முதலாவது, விதைப் பட்டறை. இதனை நடத்த வேண்டியவர்கள் நம் பாட்டிமார்களே. நோயில்லாத, நன்கு காய்க்கும் செடி ஒன்றைத் தேர்ந்து, அதில் ஒன்றிரண்டு காய்களைப் பறிக்காமல் விடுதல் வேண்டும். வெண்டை செடியிலேயே உலர வேண்டும். கத்தரி மஞ்சள் நிறம்பெறப் பழுக்க வேண்டும். எடுத்த விதையை நிழலில் உலர்த்திச் சலித்த சாம்பலோடு கலந்து, ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் இட்டு, பெயரும் நாளும் எழுதி ஒட்டுக. கடையில் விற்கும் வீரிய ஒட்டு இரக விதையிலிருந்து எடுக்கும் மறுவிதை தாய்ச்செடியைப் போலவே விளையும் என்று நம்ப இயலாது. ஆகவே நாட்டு இரகங்களையே விதைக்கெனப் பேணுதல் வேண்டும்.

இரண்டாவது, உரப் பட்டறை. வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. வீட்டைச் சுற்றிக் கூட்டிய சருகைத் தீயிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. அப்புகை குழந்தைகளுக்கும் ஈளை நோயாளர்களுக்கும் கேடு. திறந்தவெளியில் எரிப்பது சட்டத்தாலும் தடுக்கப்பட்டுள்ளது. மூன்றடிச் சதுரத்தில் மூங்கிலாலோ பலகையாலோ ஒரு தொட்டி அமைத்து, மூன்று பங்கு சருகும் ஒரு பங்கு சமையற்கட்டுக் காய்கறிக் கழிவும் அடுக்கடுக்காக இட்டு, இடையே சிறிது மண் தூவுக. பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் இருத்தல் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிடுக. நம் மாநிலத்து அடைமழை சத்தைக் கரைத்துவிடாதபடி மேலே ஒரு தகரம் மூடுக. மீன், இறைச்சி, எண்ணெய் சேர்க்க வேண்டா. ஏறத்தாழ மூன்று திங்களில் மண்வாசம் வீசும் கரிய உரம் கிடைக்கும்.

மூன்றாவது, நீரும் உடல்நலமும் பற்றிய பட்டறை. டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த சிறு தேக்கத்திலேயே முட்டையிடுகிறது. ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். பால் சீவாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைக்காவிடில், மழை பெய்த மறுநாளே ஒவ்வொரு மரமும் ஒரு கொசுப்பண்ணையாகிவிடும். மழைநீர்த் தோம்புகளுக்கு நெருக்கமான வலையிட்டு மூடுக. முட்டைகள் நீர் வற்றினும் பல மாதம் உயிரோடு இருக்குமாதலால், தோம்பின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் இன்றியமையாதது. களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி இருந்த கலன்களை எத்தனைமுறை கழுவினாலும் குடிநீருக்கோ உணவுப் பொருளுக்கோ பயன்படுத்தக் கூடாது. பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய கலன் ஏதேனும் கொட்டகை மூலையில் கிடக்குமாயின், அதனைத் திறவாமல் நிர்வாகத்திடம் தெரிவிக்க.

நான்காவதாக, பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றும் வைக்கலாம். மோட்டார் சைக்கிள் பழுது நீக்கத் தெரிந்த இளைஞர்களும் தையற்கலை அறிந்த மகளிரும் இல்லாத தோட்டம் இல்லை. ஆதலின் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இசை எதற்கு?

விழாவில் இசை வேண்டும் என்பதில் ஐயமில்லை. முன்னாளில் தகவல் இலாகாவின் படக்காட்சி வண்டி தோட்டத்துக்கு வந்தால், மாலையிலேயே பாய் விரித்து இடம்பிடித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். படம் பார்க்க வந்த கூட்டம் இடையே நல்வாழ்வுச் செய்திகளையும் கேட்டது. பாட்டும் அத்தகைய வாகனமே. 2017ஆம் ஆண்டில் கருநாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா, சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகம் மாசுபடுவதை எடுத்துரைக்கும் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்பதைப் பாடினார். புறம்போக்கு என்பது வீணான நிலமன்று, அனைவர்க்கும் பொதுவான நிலம் என்பதே அதன் கருத்து. கட்டுரை படிக்காதவர்களிடமும் அக்கருத்தைப் பாட்டு கொண்டு சேர்த்தது.

நமக்கோ வில்லுப்பாட்டு உண்டு, கும்மி உண்டு, கோலாட்டம் உண்டு, உறுமியும் தப்பும் உண்டு. ஒருவர் வினவ மற்றவர் விடைகூறும் வில்லுப்பாட்டு முறை பாடம் நடத்துவதற்கென்றே அமைந்தது போன்றது. மங்கு கவிழ்க்கும் செய்தியை நம் பிள்ளைகளே கும்மிப் பாட்டாகக் கட்டிப் பாடட்டும். காது செவிடுபட ஒலிபெருக்கி வைத்துத் திரைப்பாடல் ஒலிப்பதைக் காட்டிலும் அது பயன் தரும். பக்கத்து லயத்தில் உறங்கும் குழந்தையும் அஞ்சி எழாது.

செய்ய வேண்டிய முறை

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று திரும்பும் உங்களுக்கு ஓய்வு நேரம் மிகக் குறைவு என்பதை நான் அறிவேன். ஆகவே விழா ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில், மூன்று மணி நேரத்துக்குள் முடியுமாறு அமையட்டும். களமும் கொல்லை நிலமும் நிர்வாகத்துக்கு உரியன. எனவே அனுமதியை முன்கூட்டியே எழுத்து மூலம் பெறுதல் நன்று. உணவை வாழையிலையில் பரிமாறுக. விழாவுக்கு முன் ஒரு கோத்தோங் ரோயோங் நடத்தி அல்லூறுகளைத் தூய்மை செய்க. விழா முடிந்த அன்று மாலையே களத்தைக் கூட்டிப் பெருக்கும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைக்க.

எல்லாவற்றினும் முக்கியமானது விதைக் கணக்கு. ஒரு பள்ளி ஏடு போதும். யார் எந்த விதை எத்தனை எடுத்துச் சென்றார் என்பதைத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அதில் எழுதி வைக்கட்டும். பத்து வெண்டை விதை பெற்றவர் அடுத்த ஆண்டு இருபது விதை கொண்டுவருவாராக. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குச் சென்ற உறவினர்களையும் அழையுங்கள். அவர்களுக்கு நிலம் இல்லையாயினும் மாடத்தில் ஒரு வாளி வைக்க இடம் இருக்கும். வாளியின் அடியில் துளையிட்டு, உரம் கலந்த மண் நிரப்பினால் அதிலும் கத்தரி காய்க்கும். ஒருவேளை ஒரு தோட்டம் மூடப்படும் நாள் வந்தாலும், அதன் விதை வேறு பல வீடுகளில் உயிரோடு இருக்கும்.

பெருமக்களே! வான்சிறப்புக்கென ஓர் அதிகாரத்தைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தே வைத்த வள்ளுவரின் மரபில் வந்தவர்கள் நாம். மழையையும் மண்ணையும் போற்றுதல் நமக்குப் புதிதன்று. இன்று வீடு திரும்பியதும், உங்கள் லயத்தில் வயதில் மூத்த தாயார் ஒருவரிடம் சென்று, அவரிடம் உள்ள விதைகள் யாவை என்று கேளுங்கள். அவர் கூறுவதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். முதல் விழாவுக்குரிய ஏட்டின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.